ஆமை ரத்தத்தில் என்ன காவல்? வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

கொளத்தூரில் ஆமை வளர்ப்பவர்: கன்னத்தில் சிவப்புக் கோடுள்ள என் ஆமை தண்ணீருக்குள் வெகுநேரம் மூச்சடக்கிக் கிடக்கிறது. மூளை கெடாதா?

கெடாது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் இல்லாமல் இது வாரக்கணக்கில்கூடத் தாங்கும். ஆபத்து மறுபடி மூச்சு விடும்போதுதான். ஆக்சிஜன் திடீரென்று பாய்ந்ததும் செல்லுக்குள் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற, ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் கேடான பொருட்கள் கிளம்பி, செல் சவ்வையும் டிஎன்ஏவையும் அரிக்கும். மாரடைப்பில் அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும்போது நம் இதயம் மேலும் பாதிக்கப்பட இதுவும் ஒரு காரணம். ஆமையோ காவல் புரதங்களை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறது.

வியாசர்பாடி, பிளஸ் டூ மாணவி: அவை என்ன புரதங்கள் சார்?

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் முதல் ஆள். அது சூப்பராக்சைடைப் பெராக்சைடாக மாற்றும். அப்புறம் கேட்டலேஸ் அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்மா: காயத்தில் பெராக்சைடு விட்டதும் பொங்கும் வெள்ளை நுரை, நம் ரத்தத்திலுள்ள கேட்டலேஸ் பிரித்த ஆக்சிஜன்தான். ஊர்வனவற்றிலும் இதே வேலை சிவப்பணுவுக்குள் நடக்கிறது.

ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறது. என்னை அதிகம் வியக்க வைப்பது இதுதான். இரும்பு தனியாகத் திரிந்தால் பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துகள் பிறக்கும். அதை அழிக்கத் தனி நொதி கிடையாது. பிறக்காமல் தடுக்கத்தான் டிரான்ஸ்ஃபெரின் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

பெரம்பூர்: மலைப்பாம்புக்கும் இது உண்டா?

உண்டு. பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கினால் இரண்டு மூன்று நாளில் இதயம் சுமார் 40 சதவீதம் பெரிதாகும். ரத்தம் கொழுப்பால் பால்போல் கலங்கினாலும் இதயத்தில் கொழுப்பு படிவதில்லை. அப்போது அங்கே டிஸ்மியூட்டேஸ் கூடுவதாக 2011இல் வந்த ஆய்வு காட்டியது.

கொருக்குப்பேட்டை: அப்படியென்றால் உடும்பு ரத்தம் குடித்தால் பலம் என்பது சரிதானே அண்ணே?

இல்லவே இல்லை, தயவுசெய்து குடிக்காதீர்கள். புரதம் வயிற்றில் செரித்துப்போகும். நம் செல்லுக்குள் போய் வேலை செய்யாது. சால்மோனெல்லா தொற்றுதான் மிஞ்சும். உடும்பு 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வேட்டையாடினால் சிறை.

காசிமேடு: இவ்வளவு காவல் இருந்தும் பங்குனி ஆமை வலையில் மாட்டிச் சாகிறதே?

இந்தப் புரதங்கள் மூச்சுக்கு மாற்று அல்ல. வலையில் திமிறும்போது இருப்பு ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து, ஆமை மூழ்கிவிடுகிறது. அசையாமல் கிடந்தாலும் உடனே கடலில் தள்ளாதீர்கள். வயிறு கீழே இருக்கும்படி படகுத் தளத்தில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஈரத்துணி போர்த்தி நிழலில் விடுங்கள். மூக்கை மட்டும் மூட வேண்டாம். சில ஆமைகள் பல மணி நேரம் கழித்துத் தேறுவது உண்டு.