நூல் பட்டனுக்குள் அட்டை எதற்கு?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மகளின் சில்க் குர்தாவுக்கு முன்பக்கம் வைக்க ஏழு நூல் பட்டன் கையாலேயே செய்தேன். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவின் அட்டையை வட்டமாக நறுக்கி, ஓரத்தில் பத்து வெட்டுப் போட்டு, எம்பிராய்டரி நூலைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வரவைத்தேன். ஒன்று போல இன்னொன்று இல்லை. ஓரத்தில் நூல் வழுக்கிக்கொண்டு போகிறது. வெட்டுகளுக்கு நடுவே உள்ள சில பற்களில் நூலே மாட்டவில்லை. சோதனைக்கு ஒன்றை அலசிப் பார்த்தேன், உள்ளே அட்டை ஊறிப் பட்டன் அப்பளமாக வளைந்துவிட்டது. இதற்கென்று கடையில் டெம்ப்ளேட் கிடைக்குமா? எந்த நூல் வாங்க வேண்டும்?"

டெம்ப்ளேட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். வீட்டு அட்டையே போதும். நீங்கள் அட்டையைப் பட்டனுக்குள்ளேயே விட்டுவிட்டதுதான் சிக்கல். அட்டைக்கு இங்கே ஒரே வேலைதான்: நூல்களைச் சம இடைவெளியில் பிடித்து வைத்திருப்பது. நடு முடிச்சும் பின்னலும் முடிந்த பிறகு நூல் நட்சத்திரம் அட்டையிலிருந்து கழன்று வந்துவிட வேண்டும். பட்டனுக்குள் இருக்க வேண்டியது தண்ணீரில் ஊறாத வேறு ஒரு வில்லை. இப்படிச் செய்தால் ஒரே அட்டையில் ஏழு பட்டனையும் செய்யலாம். ஒரே அளவில் வருவதும் அதனால்தான்.

முதலில் அட்டை. கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா வேண்டாம். மெல்லிசு, நூலை இழுத்ததும் கிண்ணம் போலக் குழியும். ஆன்லைனில் பொருள் வரும் பெட்டியும் வேண்டாம். அதன் நடுவில் இருக்கும் நெளி நெளியான தாள் வெட்டுப் போட்ட இடத்தில் நசுங்கிவிடும். நம் வீடுகளில் போன வருஷத்துத் தினசரி காலண்டர் அட்டை எங்காவது கிடக்கும், தாள் எல்லாம் கிழித்த பிறகும் தூக்கிப் போட மனசு வராமல் பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருப்போம். அதுதான் இந்த வேலைக்குச் சரியான கனம். சாமி படம் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து ஓரத்திலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

அளவு. குர்தாவுக்கு 20 மில்லிமீட்டர் பட்டன் அழகாக இருக்கும். பட்டன் கடையில் இதை 32 லைன் என்பார்கள். நூல் உள்ளே வைக்கும் வில்லையின் முகத்தை மூடி, ஓரத்தில் மடங்கி, பின்பக்கம் கொஞ்ச தூரம் போக வேண்டும். ஆகவே வில்லையின் அகலம் 20, இரண்டு பக்கக் கனத்துக்கு 4, பின்னால் மடிய இரண்டு பக்கமும் ஐந்து ஐந்தாக 10, ஆக மொத்தம் 34 மில்லிமீட்டர். இது அட்டையின் வெளி விளிம்பு அளவு அல்ல. எதிரெதிர் வெட்டுகளின் அடிக்கும் அடிக்கும் உள்ள தூரம். ஒவ்வொரு வெட்டும் 3 மில்லிமீட்டர் ஆழம் என்றால் அட்டை வட்டம் 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பலரும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பட்டன் அளவுக்கே அட்டை வெட்டினால் பின்னால் இழுத்துக் கட்ட நூல் இருக்காது, அதுதான் ஓரத்தில் வழுக்குகிறது.

அட்டையின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஓட்டை போடுங்கள். நடு முடிச்சுப் போடும்போது ஊசி பின்பக்கம் போய்வர இது வேண்டும்.

சரி, எத்தனை வெட்டு? நீங்கள் பத்து போட்டிருக்கிறீர்கள். சில பற்களில் நூல் மாட்டாததற்குக் காரணம் அதுதான், உங்கள் கை அல்ல. சுற்றும் விதி இதுதான்: ஒரு வெட்டிலிருந்து நூலை முகத்தின் குறுக்கே நேர் எதிர் வெட்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கே பல்லின் பின்னால் ஒன்று மட்டும் வலஞ்சுழியாக நகர்ந்து அடுத்த வெட்டில் முன்னால் வாருங்கள். மறுபடி நேர் எதிர். மறுபடி ஒன்று நகர்வு. பத்து வெட்டில் இதைச் செய்தால் ஐந்து குறுக்கு முடிந்ததும் நூல் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஆனால் ஒன்று விட்டு ஒரு பல்லில்தான் நூல் சுற்றியிருக்கும். இன்னொரு சுற்றுப் போனாலும் அதே பற்கள்தான், மீதி ஐந்தும் காலியாகவே இருக்கும். 14 வெட்டுப் போட்டாலும் இதே கதை.

12 போடுங்கள். கடிகார முகம் போல எண் எழுதிக்கொண்டு பாருங்கள். 1-லிருந்து 7, பின்னால் நகர்ந்து 8, அங்கிருந்து 2, நகர்ந்து 3, எதிரே 9, நகர்ந்து 10, எதிரே 4, நகர்ந்து 5, எதிரே 11, நகர்ந்து 12, எதிரே 6. இப்போது எல்லா வெட்டிலும் ஒரு நூல் இருக்கும். ஆனால் தொடங்கிய 1 ஒரு பக்கம், நீங்கள் நிற்கும் 6 இன்னொரு பக்கம். இந்த இடத்தில்தான் நிறைய பேர் தப்பாகிவிட்டது என்று பிரித்துவிடுகிறார்கள். பிரிக்காதீர்கள். அதே விதிப்படி 7-க்கு நகர்ந்து, எதிரே 1-க்கு வந்து, நகர்ந்து 2 என்று போய்க்கொண்டே இருங்கள். இன்னும் ஆறு குறுக்கு முடிந்ததும், சிக்குக் கோலத்தின் கோடு போல நூல் தொடங்கிய 1-லேயே வந்து சேரும். ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு நூல், ஒவ்வொரு பல்லின் பின்னாலும் ஒரு வளையம். வெட்டுகளின் எண்ணிக்கை நான்கால் வகுபட்டால் இது எப்போதும் நடக்கும். 12, 16, 20 எல்லாம் சரிவரும். 10, 14, 18 வராது.

வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்கப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் போதும். காம்பஸை வட்டம் வரைந்த அதே ஆரத்தில் வைத்து விளிம்பில் நடத்தினால் ஆறு புள்ளி கிடைக்கும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. 16 வேண்டுமானால் இன்னும் சுலபம், காகித வட்டத்தை மூன்று முறை பாதிப் பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுப் பங்கு, நாலாவது மடிப்பில் பதினாறு. பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு, அதாவது 27 மில்லிமீட்டருக்கு, பெரிய பட்டன் செய்யும்போது 16 வெட்டு நன்றாக இருக்கும். அப்போது அடிக்கு அடி 41 வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வைக்கும் வில்லைக்கு என் தேர்வு காலாவதியான ஏடிஎம் கார்டு. அதன் கனம் 0.76 மில்லிமீட்டர், வங்கி எதுவானாலும் இதே அளவுதான். இரண்டு வட்டம் வெட்டி இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வில்லை தயார். வெட்டுவதற்கு முன் எண் இருக்கும் பகுதியையும் சிப்பையும் துண்டு துண்டாக்கிவிடுங்கள். ஓரத்தை நகம் தேய்க்கும் அரத்தால் மழுங்கத் தேயுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் நூலை அறுத்துவிடும். இந்த வில்லையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. குர்தாத் துணியில் 36 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு, வில்லையை நடுவில் வைத்துச் சுருக்கிக் கட்டுங்கள். துணியின் சொரசொரப்பு நூலைப் பிடித்துக்கொள்ளும். வழுக்கும் தொல்லைக்கு இதுதான் மருந்து. ஆரக்கால் போல விரியும் நூல்களுக்கு நடுவே துணியின் நிறம் தெரிவதும் ஒரு அழகு. நூல் மட்டுமே தெரிய வேண்டும் என்றால் நூல் நிறத்திலேயே உறைத் துணி எடுங்கள்.

நூலுக்கு சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி அவென்யூ ரோடு பக்கம் ராஜா மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள். லேஸ், மணி, பட்டன், நூல் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும், தமிழிலேயே பேரம் பேசலாம். அங்கே கண்ணைப் பறிப்பது வளையல் சுற்றுகிற 'சில்க் திரெட்' உருளைதான். அதில் பெரும்பாலும் இருப்பது பட்டு அல்ல, ரேயான். பளபளப்பு உண்டு, ஆனால் ஈரத்தில் அதன் வலு குறையும், முடிச்சும் நழுவும். கல்யாண பிளவுஸ் போல எப்போதாவது உடுத்தும் துணிக்குச் சரி. துவைத்து உடுத்தும் குர்தாவுக்குப் பருத்திதான். முதல் தடவை செய்கிறவர்களுக்கு பேர்ல் காட்டன் 8-ஆம் எண்ணைச் சொல்வேன். நன்றாக முறுக்கிய ஒற்றை நூல், ஊசி நடுவில் புகுந்து பிரியாது. ஆங்கர் போன்ற ஆறு இழை நூல் என்றால் ஒரு கண்ணி, அதாவது ஒரு சிறு நூல் கட்டு, 8 மீட்டர். ஆறு இழையையும் சேர்த்தே பயன்படுத்தினால் 20 மில்லிமீட்டர் பட்டன் ஒன்றுக்குச் சுற்ற அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல், பின்னவும் கட்டவும் முக்கால் மீட்டர் போல வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு கண்ணியில் ஆறு பட்டன் வரும், ஏழாவதுக்குப் போதாது. இரண்டு கண்ணியாக வாங்குங்கள், ஒரே லாட் எண்ணா என்று சுற்றியுள்ள காகிதத்தில் பார்த்து வாங்குங்கள். நிறம் அரை மாற்று வித்தியாசப்பட்டால் வரிசையாக வைக்கும்போது கண்ணில் குத்தும். சிவப்பு, மெரூன், கருநீலம் என்றால் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் சில்க் குர்தா பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஜரிகை நூலில் பின்னாதீர்கள், அதன் மேல்பூச்சு ஊசியில் உரசிப் பிய்ந்துவிடும். வேண்டுமானால் கடைசி ஒரு சுற்று மட்டும் போடலாம்.

இனி பின்னல். சுற்றி முடித்ததும் நுனியை அட்டையின் பின்னால் டேப் போட்டு ஒட்டுங்கள். தனி நூலை மொட்டை ஊசியில் கோத்து, நடு ஓட்டை வழியே இரண்டு ஆரக்கால்களுக்கு இடையில் மேலே வந்து, குறுக்கு நூல்கள் எல்லாம் சந்திக்கும் புள்ளியைத் தாண்டி எதிர் இடைவெளியில் கீழே இறங்குங்கள். அதையே செங்குத்தாக இன்னொரு தடவை. இழுத்து இறுக்குங்கள். இந்தக் கூட்டல்குறி முடிச்சு தளர்ந்திருந்தால் மேலே எத்தனை அழகாகப் பின்னினாலும் நடு கோணலாகத்தான் நிற்கும். ஏழு பட்டன் ஒன்று போல வர வேண்டுமானால் நேரத்தை இங்கே செலவழியுங்கள். நடு சரியாக உட்காரும்வரை ஊசி நுனியால் தள்ளித் தள்ளிப் பாருங்கள்.

ஒவ்வொரு வெட்டிலும் உள்ள இரண்டு நூலை ஒரு ஆரக்காலாக வைத்துக்கொண்டால் பன்னிரண்டு ஆரக்கால். மேலே ஒன்று கீழே ஒன்று என்று பாய் முடைவதுபோல் போனால், இரட்டைப்படை எண் என்பதால் இரண்டாவது சுற்றிலும் நூல் அதே ஆரக்கால்களின் மேலேயே ஏறும். பின்னல் கட்டாது. அதற்குப் பதில் ஒரு ஆரக்காலின் மேல் பின்னால் போய், அடியில் இரண்டு ஆரக்கால் முன்னேறுங்கள். மறுபடி ஒன்று பின்னால், இரண்டு முன்னால். ஒவ்வொரு ஆரக்காலிலும் வரிவரியாகப் புடைப்பு எழும். ஆறேழு சுற்றில் நடுவில் ஒரு சிறு சக்கரம் நிற்கும். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் வளையத்தின் மேல் செய்த நூல் பட்டன்களிலும் சக்கரம் இப்படித்தான் நிரப்பப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இயந்திரப் பட்டன் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. நம் அட்டை முறையோ கேனரித் தீவுகளின் டெனரிஃப் லேஸுக்கு இன்னும் நெருக்கம்.

பின்னல் முடிந்ததும் பற்களிலிருந்து வளையங்களைக் கழற்றுங்கள். முதல் மூன்று நான்கு கழன்றதும் மற்றவை தானாகத் தளர்ந்துவிடும். நட்சத்திரத்தை உறை போட்ட வில்லையின் மேல் வைத்து, சக்கரத்தின் ஓரத்தில் நான்கு பொடித் தையல் போட்டு நடுவை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் திருப்பினால் நடு ஒரு பக்கம் ஓடிவிடும். பிறகு திருப்பி, உறுதியான தையல் நூலால் பன்னிரண்டு வளையத்தையும் வரிசையாகக் கோத்து, சுருக்குப் பை போல இழுத்து முடியுங்கள். இழுப்பதற்கு முன் சுற்றி ஒரு பார்வை பாருங்கள், ஒரு வளையம் விட்டுப்போனாலும் முன்பக்கம் ஒரு இதழ் தொங்கும். கடைசியாக ஊசி நுனியால் ஓரத்து நூல்களைச் சம இடைவெளிக்கு நகர்த்திவிடுங்கள். பின்பக்கம் ஒரு சிறு துணி வட்டம் வைத்துத் தைத்து, அதன் மேல் நாலு இழை நூலால் ஒரு பாலம் போட்டு அதைக் காஜா தையலால் மூடினால் பட்டனுக்குக் காது கிடைத்துவிடும்.

டெய்லரிடம் கொடுக்கும்போது காஜா எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் துளைக்குள் நுழைந்து வந்தால் நூல் முகம் உரசிப் பிசிறடித்துவிடும். துணி லூப் வைக்கச் சொல்லுங்கள். அல்லது உள்ளே பிரஸ் பட்டன் வைத்து, நூல் பட்டனை மேலே அழகுக்கு மட்டும் தைக்கலாம். குழந்தை குர்தாவுக்கு நான் இதைத்தான் சொல்வேன், அவசரத்தில் பிய்த்து இழுக்கும் கைகள்.

துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக் கையால் அலசுங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பட்டன் மேல் வைக்கவே கூடாது. ஏடிஎம் கார்டின் பிளாஸ்டிக் 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். சில்க்குக்கு வைக்கும் குறைந்த சூடே அதற்கு மேல். தெருமுனை இஸ்திரி வண்டிக்குக் கொடுப்பதாக இருந்தால், கரிப் பெட்டியின் சூட்டுக்கு அந்த வில்லை ஒரு நிமிஷம் தாங்காது. அப்படிப்பட்ட துணிக்கு வில்லையாகப் பழைய மரப் பட்டனை வைத்துச் செய்யுங்கள், அதன் கனத்தை அளந்து 34 என்ற கணக்கை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.