கெம்னிட்ஸில் முதல் டிசம்பர்: ஒரு தம்பிக்குப் பதில்

தம்பி, ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். தேவாலயத்தை எட்டிக்கூடப் பார்க்காத இந்த ஊர்க்காரர்கள் ஏன் வீட்டுக்கு வீடு ஜன்னலில் விளக்கு வைக்கிறார்கள், நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் சோர்ந்து கிடக்கும் மனம் இந்தக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் கலந்துகொண்டால் தெளியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா கொடுத்தனுப்பிய கார்த்திகை அகலை நம் ஜன்னலில் வைத்தால் யாராவது தவறாக நினைப்பார்களா என்பதும் உங்கள் கவலை. யாரும் நினைக்க மாட்டார்கள், தாராளமாக வையுங்கள். ஆனால் விடுதி அறையில் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்ற அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவிக்கு நம் பக்தியெல்லாம் புரியாது.

விளக்கின் கதைக்கு வருகிறேன். கம்யூனிச ஆட்சி நாற்பது ஆண்டு நடந்த பகுதி இது. கெம்னிட்ஸ் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் பெரும்பாலோர் எந்தக் கிறிஸ்தவச் சபையிலும் உறுப்பினர் இல்லை. உங்கள் எதிர்வீட்டு ஜன்னலில் வில் வடிவத்தில் ஏழு விளக்குகளோடு ஒன்று நிற்குமே, அதற்கு ஷ்விப்போகன் என்று பெயர். ஊருக்குத் தெற்கே இருக்கும் எர்ட்ஸ்கெபிர்கே மலையில் 12ஆம் நூற்றாண்டிலிருந்து வெள்ளி தோண்டினார்கள். குளிர்காலத்தில் விடியுமுன் சுரங்கத்துக்குள் இறங்கி, இருட்டிய பிறகு வெளியே வருவார்கள். ஞாயிறு தவிர வெயிலே கண்ணில் படாது. அப்படி வெளிச்சத்துக்கு ஏங்கிய அந்த மலையின் யோஹான்கியார்கன்ஸ்டாட் ஊரில் 1740இல் இரும்பில் அடித்த வில்விளக்குதான் இன்று தெரிந்தவற்றுள் மிகப் பழையது. இப்போது பரவலாக விற்கும் வடிவம் 1930களில் வரையப்பட்டது. ஒரு நாள் அருகே போய் உற்றுப் பாருங்கள். இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள், மரம் செதுக்குகிறவர் ஒருவர், லேஸ் பின்னும் பெண் ஒருத்தி. குழந்தை இயேசுவும் இல்லை, மரியாளும் இல்லை. தேவாலயத்தை விட்டு விலகியவர்களும் இதை விடாமல் வைத்திருப்பதற்கு அது ஒரு காரணம் என்பது என் எண்ணம். தாத்தா பாட்டியின் பிழைப்பு அல்லவா அங்கே நிற்கிறது!

ஆண்குழந்தைக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி பொம்மை, பெண்குழந்தைக்கு ஒரு தேவதை என்று மெழுகுவர்த்தி ஏந்திய பொம்மைகளை ஜன்னலில் வைப்பதும் மலைவழக்கம். தெருவில் போகிறவர் அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிவிடலாம். இந்த விளக்குகள் எல்லாமே தெருவைப் பார்த்தபடி இருப்பதைக் கவனித்தீர்களா? வீட்டுக்குள் இருப்பவருக்குக் கூரை விளக்கு போதும். இது வெளியே நடந்து வருகிறவருக்கு வைத்தது. தொழிற்சாலையிலிருந்து வருகிறவர், பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர், புதிதாக வந்த நீங்கள், எல்லோருக்கும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நவம்பர் கடைசியில் இறந்தோரை நினைக்கும் ஞாயிறு ஒன்று வரும். கல்லறைகளில் பைன் கிளை பரப்பி விளக்கு வைப்பார்கள். அந்த நாள் கழியும்வரை கிறிஸ்துமஸ் விளக்கு ஏற்றக் கூடாது என்பது பழைய ஒழுங்கு. கடைக்காரர்கள் மதிப்பதில்லை, செப்டம்பரிலேயே ஸ்டோலன் என்ற கிறிஸ்துமஸ் கேக்கை அடுக்கிவிடுகிறார்கள். வீடுகளில் இன்னும் பலர் மதிக்கிறார்கள். துக்கத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, அதற்குப் பிறகே வெளிச்சத்துக்கு வருவது. மனநல மருத்துவர் யாரும் எழுதிக்கொடுத்த ஏற்பாடு அல்ல, ஆனாலும் எழுதிக்கொடுத்தது போலவே இருக்கிறது.

அடுத்த ஞாயிறு, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலம் தொடங்கும். பசுங்கிளை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள், வாரம் ஒன்றாக ஏறும். 1839இல் ஹாம்பர்க் அருகே ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விஹெர்ன் என்ற போதகரிடம், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்களாம். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றவைத்தார். அதுதான் இன்று வாரம் ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது. பகல் குறையக் குறைய மேசையில் சுடர் கூடும். காத்திருப்பை இப்படித் துண்டுபோட்டுக் கொடுத்தால் பிள்ளைகளால் தாங்க முடிகிறது. பெரியவர்களுக்கும் அதேதான்.

இதனால் உங்கள் சோர்வு போய்விடுமா? முழுதாகப் போகாது. பருவகால மனச்சோர்வு என்று ஒன்று இருப்பதை 1984இல் நார்மன் ரோசன்தால் குழுவினர் அமெரிக்காவில் விவரித்தார்கள். அதற்கான சிகிச்சை விளக்கு 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தருவது. மெழுகுவர்த்தி அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. பகல் எட்டு மணி நேரம்தான், அதில் ஒரு மணியாவது வெளியே நடங்கள், வானம் மூடியிருந்தாலும் பரவாயில்லை. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனையும் உண்டு, தயங்காதீர்கள்.

கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கட்டாயம் போங்கள். புல்ஸ்னிட்ஸ் ஊர் மசாலா ரொட்டி கிடைத்தால் வாங்குங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட போதகர் சீகன்பால்கு பிறந்த ஊர் அது. இங்கே கேட்டால் பலருக்கு ரொட்டியைத்தான் தெரியும், அவரைத் தெரியாது.

நான் உண்மையில் எச்சரிக்க நினைப்பது டிசம்பர் 24ஐப் பற்றி. நான்கு வாரம் தெருவில் உங்களோடு சிரித்துப் பேசியவர்கள் அன்று மதியத்துக்கு மேல் கதவை மூடிக்கொள்வார்கள். கடைகள் இரண்டு மணிக்கு அடைத்துவிடும், தெரு வெறிச்சோடும். உங்களை ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது குடும்பத்துக்கு மட்டுமான இரவு, குடும்பம் இல்லாத ஜெர்மானியரும் அன்று தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். டிசம்பர் தொடக்கத்திலேயே விடுதியில் யார் யார் மிஞ்சுவார்கள் என்று பேசி வைத்துச் சேர்ந்து சமையுங்கள். மாலையில் தேவாலய ஆராதனைக்கும் போகலாம், உறுப்பினரா என்று யாரும் கேட்பதில்லை, அன்று நம்பாதவர்களும் வந்து நிறைந்திருப்பார்கள். அரிசி, பால், வெங்காயம் எல்லாம் 23ஆம் தேதியே வாங்கிவிடுங்கள். 25, 26 இரண்டும் விடுமுறை, 27 ஞாயிறாக விழுந்தால் அன்றும் கடை கிடையாது.