ஓடுகிற பிள்ளைக்கு அமெரிக்காவில் படிப்பு: வாசகர் கேள்விகள்

பதில் தருபவர்: யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை

கேள்வி: என் மகள் 800 மீற்றர் ஓட்டத்தில் மாகாண மட்டத்தில் பதக்கம் வென்றவள். இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளில் புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா? எப்படி ஆயத்தப்படுத்துவது?
(ஒரு தாய், சுன்னாகம்)

பதில்: புலமைப்பரிசில் தொகையில் தனக்கு இத்தனை வீதம் வேண்டும் என்று அந்த முகவர் கேட்டிருந்தால் இன்றே விலகிவிடுங்கள். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. மகள் ஓடும் தகுதியே பறிபோகலாம். விண்ணப்பங்களை நீங்களும் மகளும் இருந்து நிரப்பலாம். சந்தேகம் வந்தால், அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும், கொழும்பில் உள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம்.

அடுத்தது தேர்ச்சி அறிக்கைகள். ஒன்பதாம் ஆண்டிலிருந்து எல்லா அறிக்கைகளும் வேண்டும். நம் வீடுகளில் அவை அலுமாரிக்கு மேலே கரையான் தின்று கிடக்கும். பாடசாலை அலுவலகத்தில் பிரதி எடுத்து, அதிபரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, வரிக்கு வரி ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்து, உறுதிப்படுத்தி வையுங்கள். என்சிஏஏவின் முதற்பிரிவுக் கல்லூரி அணியில் ஓடுவதற்கு 16 அடிப்படைப் பாடங்களில் 4க்கு 2.3 சராசரியும், இரண்டாம் பிரிவில் 2.2 சராசரியும் கேட்பார்கள். கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம், சமூகக் கல்வி ஆகியவைதான் அந்தப் பாடங்கள். எனவே பயிற்சிக்காகக் கணித வகுப்பை விடச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்காதீர்கள். கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி பரீட்சையை என்சிஏஏ 2023இல் தன் நிபந்தனைகளிலிருந்து நீக்கிவிட்டது. ஆயினும் படிப்புக்கான உதவித்தொகைக்கு அந்தப் புள்ளியைப் பார்க்கும் கல்லூரிகள் உண்டு, முடிந்தால் எழுதட்டும்.

ஓட்டத்துக்கு வருவோம். கையால் அழுத்தும் கடிகாரத்தில் எடுத்த நேரத்தை அங்குள்ள பயிற்றுவிப்பாளர்கள் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. மின்னணு முறையில் நேரம் பதிவாகும் தேசிய மட்டப் போட்டிகளில் மகள் ஓட வேண்டும். காணொளியை மைதானத்தின் மேல்படியில் நின்று எடுங்கள். இரண்டு சுற்றும் வெட்டாமல் இருக்க வேண்டும். இலக்கத் துணி தெரிய வேண்டும். பாட்டு சேர்க்க வேண்டாம். கடைசி 200 மீற்றரில் தோள் இறுகுகிறதா, கால் குறுகுகிறதா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: மெய்வல்லுநர் விளையாட்டில் முழுப் புலமைப்பரிசில் அரிது. இருக்கும் பணத்தைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். மிச்சச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று நீங்கள் காட்டினால்தான், கல்லூரியிலிருந்து மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவம் வரும். அது வந்தால்தான் விசாவுக்குப் போகலாம். அணி இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். அற்லாண்டாவில் உள்ள ஸ்பெல்மன் மிகச் சிறந்த கறுப்பினப் பெண்கள் கல்லூரி. ஆனால் அது என்சிஏஏ போட்டிகளிலிருந்து விலகுவதாக 2012இல் அறிவித்து, அந்தப் பணத்தை எல்லா மாணவிகளின் உடல்நலத் திட்டத்துக்குத் திருப்பியது.

ஓட்டம் படிப்பைக் கெடுக்கும் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தைக் காட்டுங்கள், அதுவும் இத்தகைய கறுப்பினப் பல்கலைக்கழகம்தான். சிறுவயதில் போலியோவால் காலில் இரும்புப் பட்டை அணிந்திருந்த வில்மா ருடோல்ஃப் அங்கே படித்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். அஞ்சலோட்டத்தில் அவருடன் ஓடிய மூவரும் அதே பல்கலைக்கழகத்தினர். அவர்களின் பயிற்றுவிப்பாளர் எட் டெம்பிளிடம் பயின்று ஒலிம்பிக் போன 40 பேரில் 39 பேர் பட்டம் பெற்றார்கள். பதக்கங்களைவிட இந்த 39 என்ற எண்தான் எனக்குப் பெரிது.

கேள்வி: என் மகனுக்கு வடக்குக் கரோலைனாவில் இப்படிப்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கனடாவில் உள்ள சொந்தக்காரர் ‘கறுப்பர் படிக்கும் இடம், பட்டத்துக்கு மதிப்பில்லை’ என்கிறார்கள். என்ன செய்வது?
(ஒரு தந்தை, வட்டுக்கோட்டை)

பதில்: அனுப்புங்கள் ஐயா. சொந்தக்காரரின் பேச்சு எனக்கு மனவருத்தம் தருகிறது.

அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே குற்றமாக்கிய மாநிலங்கள் அங்கே இருந்தன. விடுதலைக்குப் பிறகும் வெள்ளையரின் கல்லூரிகள் கதவைத் திறக்கவில்லை. அதனால் எழுந்தவை இவை. மிகப் பழையது 1837இல் தொடங்கிய செய்னி பல்கலைக்கழகம். உங்கள் வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷன் செமினரி அமைத்தது. அதை நடத்திய மிஷன் சபை அடிமைமுறையைப் போதிய அளவு எதிர்க்கவில்லை என்று கருதியவர்கள் 1846இல் வேறொரு சங்கத்தில் சேர்ந்தார்கள். ஃபிஸ்க் முதலிய கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றை உருவாக்கியது அந்தச் சங்கம்தான்.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பாடசாலையில் சமமாக வாங்கில் இருக்கலாம் என்று வந்தபோது அதை எதிர்த்து நின்ற யாழ்ப்பாணத்தவர் பலர். பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலில் நம் பிள்ளைகளுக்குக் கதவு அடைபட்டபோது அழுதவர்களும் நாம்தான். அந்த இரண்டையும் அறிந்தவர் வாயில் இந்தச் சொல் வரக்கூடாது.

மதிப்பைக் கேட்டீர்கள். மார்ட்டின் லூதர் கிங் இத்தகைய கல்லூரியான மோர்ஹவுஸில் 1948இல் பட்டம் பெற்றவர். சென்னையில் பிறந்த தாயின் மகளான கமலா ஹாரிஸ், ஹார்வர்ட் அல்ல, ஹவர்ட் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். உங்கள் மகன் போவது கிரீன்ஸ்பரோவில் உள்ள வடக்குக் கரோலைனா ஏ அன்ட் டி என்றால், 1960 பெப்ரவரி 1இல் வெள்ளையருக்கு மட்டும் சாப்பாடு கொடுத்த கடையில் போய் அமர்ந்து எழும்ப மறுத்த நான்கு மாணவர்கள் அங்கே படித்தவர்கள். அவன் புறப்படுமுன் இந்த வரலாற்றை அறிந்துகொள்ளட்டும். இக்கல்லூரிகளின் மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லர். அவன் தனித்துப்போக மாட்டான். ஆனால் அது யார் வியர்வையில் எழுந்த இடம் என்பதை மனதில் வைத்துப் பழக வேண்டும்.

கேள்வி: நான் கரப்பந்தாட்டம் ஆடுகிறேன், நண்பன் கிரிக்கெட். எங்களுக்கும் இந்தக் கல்லூரிகளில் வாய்ப்பு உண்டா?
(ஒரு மாணவன், ஆவரங்கால்)

பதில்: கிரிக்கெட் என்சிஏஏ விளையாட்டு அல்ல, நண்பர் படிப்பை வைத்தே விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு வழி உண்டு. தென்மாநிலங்களின் எஸ்ஐஏசி என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்த மோர்ஹவுஸ், ஃபோர்ட் வலி போன்ற கல்லூரிகள் அண்மைக் காலத்தில் ஆண்கள் கரப்பந்தாட்ட அணிகளை அமைத்தன. அவற்றின் பயிற்றுவிப்பாளர்களுக்கு நேரே எழுதுங்கள். எழும்பி அடிப்பதை மட்டும் படம்பிடித்து அனுப்பாதீர்கள். எதிரணியின் சேர்விஸை எடுத்துக் கொடுப்பதும், தடுப்புக்குப் போய் இறங்கியவுடன் மீண்டும் இடம்பிடிப்பதும் அதில் இருக்கட்டும். உயரத்தைச் சப்பாத்து இல்லாமல் அளந்து எழுதுங்கள்.