புண்ணியவான் செய்த மறதி

கேள்வி: பழைய பாட்டுகளை வெட்டி ஒட்டி ‘ரீமிக்ஸ்’ என்று நம் தலையில் கட்டுகிறார்களே, இந்த வேலையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: கண்டுபிடித்தார் என்றால் அவருக்கே கூச்சமாக இருக்கும். மறந்தார், அவ்வளவுதான்.

1968 வாக்கில், ஜமைக்காவில் ரட்டி ரெட்வுட் என்பவர் சவுண்ட் சிஸ்டம் நடத்திவந்தார். நம்மூர் மைக்செட்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகள் மட்டும் ஆளுயரம். டிரெஷர் ஐல் ஸ்டூடியோவில் அவருக்காக பாரகன்ஸ் குழுவின் ‘ஆன் தி பீச்’ பாட்டை இசைத்தட்டில் வெட்டிக்கொண்டிருந்த பைரன் ஸ்மித், குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். ‘சரி, இருக்கட்டும்’ என்று ரெட்வுட் அதையே எடுத்துப் போனார். முதலில் குரலுள்ள தட்டு, அப்புறம் குரலில்லாத தட்டு. விட்டுப்போன வரிகளைக் கூட்டமே பாடியது. அதற்கு ‘வெர்ஷன்’ என்று பெயர் வைத்து, தட்டின் பின்பக்கத்தில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். இன்னொரு பாட்டுப் பதியும் செலவு மிச்சம்.

நம் பத்திரிகையிலும் இது நடந்தது. ஒரு தீபாவளி மலரில் ஒரு கவிதையின் நான்கு வரிகள் அச்சில் விட்டுப்போயின. ‘என்ன அடர்த்தி!’ என்று பாராட்டி ஏழு கடிதங்கள். கவிஞர் மட்டும் இன்றுவரை என்னுடன் பேசுவதில்லை. ஒற்று விட்டுப்போனால் தபால்கார்டு போடும் நம் திருச்சி சந்தாதாரர்கூட அந்த நான்கு வரிகளைத் தேடவில்லை.

ரேடியோ ரிப்பேர்காரர்களைப் பற்றி நான் புகழாத மாதமில்லை. இந்த மாதமும் விடுவதாயில்லை. ஜமைக்காவின் கிங் டப்பி அந்த ஜாதி. ரேடியோ பழுது பார்த்த கை, ஒலி கலக்கும் மிக்சர் கருவியில் குரலை இழுத்து மூடி, தாளத்தை மட்டும் திறந்துவிட்டு, எதிரொலியில் ஊறவைத்தது. அதுதான் ‘டப்’. பதிந்து முடித்த பாட்டை மறுபடியும் கலைத்துப் போடலாம் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர்.

கிங்ஸ்டனில் பிறந்த இன்னொருவர், கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் தங்கை வைத்த பார்ட்டிக்குத் தட்டு போட்டார். பள்ளிக்கூடத்துக்குப் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வைத்த பார்ட்டி அது. நுழைவு பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. பாட்டில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்துக்குத்தான் கூட்டம் காத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த இடத்தை நீட்டுவது அவர் பாணியானது.

புண்ணியவான் பட்டத்தை கிரிகரி கோல்மனுக்குக் கொடுங்கள். 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவுக்காக அவர் வாசித்த ஆறேழு விநாடி டிரம்ஸை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ராயல்டி என்று அவருக்கு ஒரு சென்ட்கூடப் போகவில்லை.

கவிஞர் இதைப் படித்தால்: அந்த நான்கு வரிகளும் என் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கின்றன.