பட்டியல் வந்தது, பாட்டு வரவில்லை

*லேப்டாப்பில் 300 பாட்டுக்கு ஒரு பிளேலிஸ்ட் செய்தேன். அதையும் பாட்டு ஃபோல்டரையும் போனுக்கு காப்பி செய்தால் 180 பாட்டுதான் வருகிறது. – கோயில் பாடகர் குழுப் பொறுப்பாளர், குளச்சல்*

பிளேலிஸ்ட் என்பது பாட்டு இல்லை, விலாசச் சீட்டு. இதை எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்த பிளேலிஸ்ட் கோப்பை (பெயர் எம்3யு என்று முடியும்) நோட்பேடில் திறந்து பாருங்கள். வரிக்கு ஒரு பாட்டின் இருப்பிடம் எழுதியிருக்கும். சில வரிகளில் வெறும் பாட்டுப் பெயர். சில வரிகள் 'டி டிரைவ், அதற்குள் இன்ன ஃபோல்டர்' என்று தொடங்கும். போனில் டி டிரைவ் ஏது? அந்த 120 பாட்டும் அங்கேதான் நிற்கின்றன. எல்லாப் பாட்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, பட்டியலைப் புதிதாகச் செய்து அதற்குள்ளேயே சேமித்து, ஃபோல்டரோடு காப்பி செய்யுங்கள்.

தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் மட்டும் விடுபட்டால் கோளாறு வேறு. பழைய எம்3யு தமிழ் எழுத்தைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். எம்3யு8 என்று சேமித்தால் சரியாகும்.

காப்பி ஆனதும் இரண்டு பக்கமும் எண்ணுங்கள். எண்ணாமல் லேப்டாப்பில் இருப்பதை அழிக்காதீர்கள்.

*பாட்டு வரல. என்ன செய்ய? – நாகர்கோவில்*

என்ன போன், என்ன பாட்டு, எங்கிருந்து எங்கே மாற்றினீர்கள்? வைத்தியரிடம் போய் 'வலிக்குது' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவீர்களா? விவரத்தோடு எழுதுங்கள்.

*தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறோம். ஆப்பில் டவுன்லோடு செய்த பாட்டெல்லாம் நாலு வாரம் நன்றாகப் பாடுகிறது, பிறகு ஒன்றுகூட இல்லை. – விசைப்படகுத் தொழிலாளி, தூத்தூர்*

உங்கள் மேல் தப்பில்லை. ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்றவற்றில் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டில் இணைந்தால்தான் டவுன்லோடு செய்தது நிலைக்கும். அது உங்கள் சொத்து இல்லை, வாடகை. தேங்காய்ப்பட்டணத்தில் படகு கிளம்புவதற்கு முன் டேட்டாவை ஆன் செய்து ஆப்பை ஒருமுறை திறந்துவிடுங்கள், நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். தங்கல் 40 நாள் என்றால் அதுவும் போதாது. சொந்தமாக எம்பி3 கோப்புகளை வைத்துக்கொள்வதே வழி. ஆப்புக்குள் இறங்கிய பாட்டை கேபிள் போட்டு வேறு போனுக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பூட்டிய கோப்பு.

*ஃபைல் மேனேஜரில் பாட்டு தெரிகிறது, மியூசிக் ஆப்பில் அந்த ஃபோல்டரே இல்லை. – அருமனை*

வாட்ஸ்அப் ஃபோல்டரை அப்படியே தூக்கி வைத்திருப்பீர்கள். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், 'இந்த ஃபோல்டரைப் பார்க்காதே' என்று ஆப்புக்குச் சொல்லும் 'நோமீடியா' கோப்பு ஒன்று கிடக்கும். அதை அழித்துவிட்டு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

*மைக்செட் வைத்திருக்கிறேன். பாட்டெல்லாம் வந்துவிட்டது, இடையில் போடும் மணிச்சத்தம், சின்ன அறிவிப்புகள் மட்டும் வரவில்லை. – திருவட்டார்*

ஒரு நிமிடத்துக்குக் குறைவானதை மறைக்கும் அமைப்பு பல ஆப்களில் உண்டு. செட்டிங்ஸில் போய் எடுத்துவிடுங்கள்.

*1 டிபி மெமரி கார்டு 350 ரூபாய்க்கு வாங்கினேன். 9,000 பாட்டு ஏற்றினேன். பெயர் எல்லாம் இருக்கிறது, பாதிக்கு மேல் பாடவில்லை. போன் கோளாறா? – ஆட்டோ ஓட்டுநர், மார்த்தாண்டம்*

போனைக் குறை சொல்லாதீர்கள். அந்த விலைக்கு 1 டிபி, அதாவது 1,000 ஜிபி, கிடைக்காது என்று வாங்கும்போதே தோன்றியிருக்க வேண்டாமா? பாட்டு ஒன்றுக்கு 5 எம்பி வைத்தால் 1 டிபியில் 2 லட்சம் பாட்டு. ராப்பகலாகக் கேட்டாலும் ஒன்றரை வருடம் ஓடும்.

உங்களைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, நானும் ஏமாந்தவன். சில வருடங்களுக்கு முன் ஒரு திருவிழாக் கடையில் இதே மாதிரி ஒன்றை வாங்கி, மச்சினன் கல்யாணத்துக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை சரி. அளவைப் பார்த்தேன், அதுவும் சரி. பந்தி நடக்கும்போது ஒரு பாட்டு மூணு வினாடி பாடி அடுத்ததற்குத் தாவியது, அதுவும் தாவியது, அப்புறம் மௌனம். இலையில் பிரதமன் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்று என்னைத்தான் பார்த்தார். பைசா போனதைவிட அந்தப் பார்வைதான் இன்னும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். உள்ளே இருக்கும் சிப் 16 அல்லது 32 ஜிபி. கார்டு மட்டும் போனிடம் 1 டிபி என்று பொய் சொல்லும். பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கத்திலேயே எழுதப்படுவதால் எல்லாப் பெயரும் தெரியும். இடம் தீர்ந்த பிறகு வரும் பாட்டுகளோ எங்கும் பதியாது, அல்லது முன்னால் பதிந்ததன் மேலேயே ஏறி அதையும் கெடுக்கும். எண்ணிப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இங்கே மட்டும் செல்லாது. கடைசியாக ஏற்றிய பாட்டைப் போட்டுக் கேட்க வேண்டும்.

புது கார்டு வாங்கினால் பாட்டு ஏற்றும் முன்பே கம்ப்யூட்டரில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். 64 ஜிபிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஃபார்மெட் செய்தால் இந்தக் கார்டு சரியாகாது. அதைத் தூரப் போடுங்கள், இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள்.

*பழைய சிடியிலிருந்து எடுத்த பாட்டுகள் மட்டும் ஆண்ட்ராய்டில் பாடவில்லை. – தக்கலை*

விண்டோஸ் மீடியா பிளேயரில் எடுத்திருப்பீர்கள், டபிள்யூஎம்ஏ என்ற விண்டோஸ் வகைக் கோப்பாக இருக்கும். விஎல்சி ஆப் போட்டால் பாடும். அதிலும் பாடாவிட்டால் அன்றைக்கே பூட்டுப் போட்டுப் பதிவாகியிருக்கிறது, சிடியிலிருந்து மறுபடி எம்பி3 ஆக எடுங்கள். சிடி இருக்கிறதுதானே?

*ஐடியூன்ஸ் பிளேலிஸ்டில் சில பாட்டு மட்டும் ஐபோனுக்கு வருவதில்லை. – திங்கள்சந்தை*

பாட்டின் பக்கத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் கோப்பை இடம் மாற்றிவிட்டீர்கள். டிக் இல்லாவிட்டால் டிக் செய்யுங்கள்.

*கட் செய்து போனில் பேஸ்ட் செய்தேன், பாதியில் கேபிள் கழன்றது. இப்போது இரண்டிலும் சில பாட்டுகள் இல்லை. – கருங்கல்*

கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள் என்று போன தடவைகூட எழுதினேன். லேப்டாப்பில் அந்த டிரைவில் இனி எதையும் சேமிக்காதீர்கள். ரெக்குவா போன்ற மீட்பு மென்பொருளை வேறு டிரைவில் நிறுவித் தேடிப் பாருங்கள். கிடைத்ததை பென்டிரைவில் எடுத்து வையுங்கள், அதே டிரைவில் அல்ல.