பில்லுல "திரும்ப எடுக்க மாட்டோம்"னு போட்டிருந்தா அவ்ளோதானா?

கேள்வி: 24,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கி மூணு வாரம் ஆச்சு. ஸ்பின் போட்டா பாதியில நின்னுடுது. மெக்கானிக் ரெண்டு தடவை வந்தும் சரியாகல. கடையில கேட்டா பில்லுக்குப் பின்னாடி இருக்கிற "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ங்கிற வரியைக் காட்டுறாங்க. என்ன பண்றது?

பதில்: அந்த வரியைப் பாத்து பயப்படாதீங்க. கலர் பிடிக்கல, வீட்டு வாசல்ல நுழையலன்னு போய் நின்னா அது செல்லும். பழுதான பொருளுக்கு செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 2(47)வது பிரிவுல தெளிவா இருக்கு: பழுதான பொருளை பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துக்கிட்டு பணத்தைக் கொடுக்க மறுத்தா அது முறையற்ற வணிகம்.

உங்களுக்கு மூணு வாரம் ஓடிப்போச்சு, அதனால இன்னைக்கே எழுத்துல கேளுங்க, போன்ல கத்துறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல ஏன்னா நாளைக்கு "நீங்க கேக்கவே இல்லையே"ம்பாங்க. கடைக்கும் கம்பெனிக்கும் ஈமெயில், கூடவே ஸ்பீட் போஸ்ட்ல ஒரு லெட்டர். மெக்கானிக் வந்துட்டுப் போன ரெண்டு தடவைக்கும் ஜாப் ஷீட், அதாவது வந்து பாத்ததை எழுதிக் கொடுக்கிற சீட்டு, இருக்கா? இல்லன்னா கேட்டு வாங்குங்க, கேஸுக்கு உயிரே அதுதான். மெஷின் நிக்கிறதை வீடியோவும் எடுத்து வைங்க. வோல்டேஜ் சரியில்ல, நீங்க துணியை அதிகமா போட்டீங்கன்னு பழியைத் திருப்பப் பாப்பாங்க, இது வழக்கமா பாடுற பாட்டுதான்.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவங்க கம்பெனிகிட்ட பேசி முடிக்கப் பாப்பாங்க, உத்தரவு போட முடியாது. அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்கு கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல, கடை எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், இ-ஜாக்ரிதிங்கிற அரசு இணையதளத்துல வீட்ல இருந்தே போட வசதியும் இருக்கு. கேஸ் போட கெடு ரெண்டு வருஷம். கடை, கம்பெனி ரெண்டு பேரையுமே எதிர்த்தரப்பா சேருங்க, இல்லன்னா ஒருத்தர் இன்னொருத்தரைக் கையைக் காட்டிட்டுப் போயிடுவார். மாத்திக் கொடு இல்ல பணத்தைக் கொடுன்னு கேக்கும்போதே நஷ்டஈடு, வழக்குச் செலவையும் சேத்துக் கேளுங்க.

ஆமா, மெஷின் வீட்டு உபயோகத்துக்குத்தானே? ஆள் வச்சு நடத்துற லாண்ட்ரிக்குன்னா உங்களை நுகர்வோரா ஏத்துக்கிறது கஷ்டம். நீங்களே துவைச்சுக் கொடுத்து அதுல பிழைக்கிறீங்கன்னா பிரச்சனை இல்ல.