அப்பாவின் கிராஃப் தாள்கள்

கேள்வி: என் அப்பா 40 ஆண்டுகள் பட்டு நெய்தவர். சேலைக் கரைக்கும் முந்திக்கும் அவரே வரைந்த டிசைன்கள் கிராஃப் தாள்களாக ஒரு டிரங்குப் பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன. நான் நெய்வதில்லை. எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் ஒரு பெண் அவற்றில் சிலவற்றைக் கேட்கிறாள். “அது நம் குடும்பச் சொத்து, கொடுத்தால் ஊரெல்லாம் நெய்துவிடுவார்கள்” என்று அண்ணன் தடுக்கிறார். நான் என்ன செய்வது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: கொடுங்கள், சகோதரி. ஆனால் நகலை மட்டும் கொடுங்கள். அப்பா கைபட்ட தாள் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். அதன்மேல் உங்களுக்குள்ள பற்றைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்.

அண்ணன் சொல்லும் ‘சொத்து’ என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. நகையையும் நிலத்தையும் பங்கு வைத்தால் ஒருவருக்குப் போவது மற்றவருக்குக் குறையும். ஒரு கரை டிசைனைப் பத்துத் தறிகளில் நெய்தாலும் உங்கள் தாளில் ஒரு கட்டம்கூட அழியப்போவதில்லை. அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளையிட்டு, அந்த அட்டைப்படி பாவு இழைகளைத் தூக்கிவிடும் ஜக்கார்டு கருவியில் ஏற்றி, நீளவாட்டுப் பாவுக்குள் குறுக்கே ஊடை நூல் ஓடினால்தான் அப்பா மனத்தில் கண்டது கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்குள் அது மங்கிக்கொண்டிருக்கும் மைக்கோடுதான்.

உங்கள் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த ஒருவரை இங்கே நினைக்கிறேன். 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்குள்ள கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த 25 வயது உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டதோடு நில்லாமல், தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தார். ஐயர் பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அதன் பின்னே வந்தன. முதலியார் அந்தப் பிரதியைத் தம் அலமாரியிலேயே பூட்டி வைத்திருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். யாருக்கும் காட்டாமல் காத்த வீடுகளிலேயே சுவடிகள் செல்லரித்துப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

அண்ணனின் அச்சத்திலும் நியாயம் உண்டு. விசைத்தறி முதலாளி ஒருவர் அதே டிசைனை மலிவு நூலில் இறக்கினால் கைத்தறிக்காரரின் பிழைப்பு கெடும். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி புதிய டிசைனைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஆனால் முன்பே சேலையாகி விற்றுப்போனவற்றுக்கு அது கிடைக்காது. ஆகவே அப்பா வரைந்தும் நெய்யாமல் விட்ட டிசைன் ஏதேனும் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்து, பதிவைப் பற்றி விசாரித்த பிறகே பிறருக்குக் காட்டுங்கள். மற்றவற்றைப் பொறுத்தவரை, புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டையே எண்ணிப் பார்க்கிறேன். அந்தப் பெயர் ஒரு குடும்பத்துக்கோ ஒரு கடைக்கோ உரியதன்று. இந்த வட்டாரத்தில் முறைப்படி நெய்கிறவர்களுக்கெல்லாம் பொதுவானது.

நகல் ஒவ்வொன்றிலும் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுங்கள். அந்தப் பெண் முதல் சேலையை நெய்யும்போது போய் அருகில் உட்காருங்கள். கரையில் அவள் ஏதேனும் மாற்றினால் தடுக்காதீர்கள். அந்த மாற்றத்தை ஒரு கிராஃப் தாளில் வரைந்து வாங்கி, அவள் பெயரையும் தேதியையும் குறித்து, அப்பாவின் தாளோடு சேர்த்து அதே பெட்டியில் வையுங்கள்.